உத்தரிக்கிற ஸ்தலத்தில் இடமில்லை

எங்கள் வீட்டுக் கணினி முழுக்கச் செத்தவர்கள் இருந்தார்கள். அழகுக்காக இப்படிச் சொல்லவில்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் காலமானவர்களில் முக்கால்வாசிப் பேரின் செத்தவீட்டு வீடியோக்கள் அதற்குள்தான் கிடந்தன. உடல்கள் மாதம்பிட்டியிலும் பொரளையிலும் மண்ணுக்குள் போய்ப் பல காலம். இங்கே எங்கள் முன்னறையில், சாப்பாட்டு மேசைக்கும் திருஇருதய ஆண்டவர் படத்துக்கும் நடுவில், எல்லோரும் ஒரு பெட்டிக்குள் இருந்தார்கள்.

காரணம் என் கணவர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். வேலையில் இருக்கும்போதே ஒரு வீடியோ கமெரா வாங்கி, ஊர்க் காரியங்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார். கல்யாண வீடுகளுக்கு ஸ்டூடியோக்காரர்களைக் கூப்பிட்டார்கள். செத்தவீடுகளுக்கு இவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில். தகப்பன் செத்தால் மகனுக்கு விசா இருக்காது, லீவு இருக்காது, அல்லது விமானம் ஏறி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். ஆகவே வீடியோ. கல்யாண வீடியோவை ஒருவரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. செத்தவீட்டு வீடியோவை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்: ஆர் வந்தது, ஆர் வரவில்லை, வந்தவர்களில் ஆர் உண்மையாக அழுதது.

இவர் ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றி, வெட்ட வேண்டியதை வெட்டி, பின்னால் ஞானப்பாட்டு போட்டு, டிஸ்க்கில் பதிந்து அனுப்பிவைப்பார். அனுப்பிய பிறகும் மூலப் பிரதியை அழிக்க மாட்டார்.

"ஆருக்காவது திரும்பத் தேவைப்படும்" என்பார். இத்தனை வருடத்தில் ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்காததே அவருக்கு, இன்னும் கேட்கப்போகிறார்கள் என்பதற்கான அத்தாட்சியாக இருந்தது.

கீழ் வீட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருமுறை மேலே வந்து, இவர் ஒரு சவப்பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"நாங்க மையத்த அன்னைக்கே அடக்கிட்டு துஆ கேட்டுட்டுப் போயிருவம், அண்ணன்" என்றார். "நீங்க என்னடான்னா ஊட்டுக்குள்ள வச்சி கரண்டு குடுத்துக்கிட்டு இருக்கிறீங்க."

இவர் சிரிக்கவில்லை. நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன்.

இப்படியே போயிருக்கும். ஆனால் எங்கள் ஒரே மகளுக்கு மெல்பேர்னில் கல்யாணம் நிச்சயமானது. கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை, ஆகவே அதற்கு முன், நவம்பர் கடைசியில். போவதற்கு எல்லாம் ஆயத்தம் செய்து, எனக்குச் சேலையும் எடுத்து, அவருக்குக் கோட்டும் தைத்த பிறகு, அவருடைய நெஞ்சு தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. பைபாஸ் ஆப்பரேஷன். பிழைத்துவிட்டார். ஆனால் இப்போதைக்கு விமானம் என்ற பேச்சே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகள் கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறேன் என்று அழுதாள். மண்டபத்துக்கும் கோயிலுக்கும் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் நாலு தேசத்திலிருந்து டிக்கெட் போட்டுவிட்டார்கள். நாங்கள்தான் வேண்டாம் என்றோம். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கும் மனம் வரவில்லை.

எங்கள் குடும்பங்களில் பெண் கோயிலுக்குப் புறப்படுமுன் தாயும் தகப்பனும் அவள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவார்கள். மற்றதெல்லாம் இல்லாமல் நடக்கும். அது இல்லாமல் என் தாய்வழியில் ஒருத்தியும் படியிறங்கியதில்லை. வீடியோவில் அதைச் செய்வோம் என்றாள் மகள். பிறகு கோயிலில் முன்வரிசை வாங்கில் ஒரு டப்லெட்டை நிறுத்தி வைப்பாளாம். எங்கள் இரண்டு பேருக்கும் உரிய இடத்தில் எங்கள் இரண்டு பேருடைய முகமும் இருக்குமாம்.

கைப்பேசி இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். அதில் நாங்கள் இருவரும் தெரிய வேண்டுமென்றால் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கல்யாணம் கட்டிய புதிதில்கூட அவ்வளவு நேரம் நாங்கள் அப்படி இருந்ததில்லை. தவிர, அவருடைய கண்ணுக்கு அந்தத் திரையில் மகளும் மாப்பிள்ளையும் ஒரே ஆள்.

ஆகவே கணினி. அதில் மகள் சொன்ன மென்பொருளைத் திறந்தேன். புதிய பதிப்பு வேண்டும் என்றது. புதிய பதிப்பை இறக்கப் போனால், கணினியின் அடிப்படை மென்பொருளே பழையது, முதலில் அதைப் புதுப்பி என்றது. அதைப் புதுப்பிக்கப் போனால், டிஸ்க்கில் இடம் போதாது என்றது. அரச அலுவலகத்தில் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்புவது போலத்தான். வித்தியாசம், இங்கே திட்டுவதற்கு ஒரு மனிதமுகம் இல்லை.

வெள்ளவத்தையில் கணினி திருத்தும் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது.

"அக்கா, இது இவ்வளவு காலம் ஓடினதே பெரிய விஷயம். புதுசு ஒண்டு வாங்குங்கோ."

ஆப்பரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்பது ஒருவரும் சொல்லாமலே சட்டமாகியிருந்தது. வேறு வழி கேட்டேன்.

"அப்ப உள்ளுக்குக் கிடக்கிற வீடியோக்களை அழியுங்கோ. என்ன வீடியோ அக்கா இவ்வளவு?"

சொன்னேன். பெட்டியை இரண்டு கையாலும் மெதுவாக மூடி என்னிடம் தந்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மகளின் நெற்றியில் சிலுவை போட வேண்டுமென்றால் செத்தவர்களை அழிக்க வேண்டும். அன்றைக்கு முழுக்க அவர் ஒரு கொப்பியில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"சொந்தக்காரரைக் கேக்காமல் அழிக்கேலாது."

இப்படித்தான் எங்கள் வீட்டில் இரண்டாவது சுற்றுச் செத்தவீடுகள் தொடங்கின. இவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லியனுப்பினார். வந்தவர்கள், அழிக்கலாம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகவில்லை. கடைசியாக ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். பார்த்தவர்களுக்குத் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டும். அழுகிறவர்களுக்குச் சோடா. நான் மகளுடைய கல்யாணத்துக்கு ஆயத்தம் செய்கிறேனா, ஊரில் உள்ள எல்லாப் பிணங்களுக்கும் மறுபடி துக்கம் காக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போனது.

எதிர் வீட்டு விதவை மூன்று நாள் வந்தார். கணவருடைய சடங்கை முழுவதும் பார்த்தார். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. ஓரிடத்தில் மட்டும், "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று எழும்பினார். திரையில் ஒரு பெண் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களோ? மச்சாள் அழேல்ல. வேர்வையத்தான் துடைக்கிறா. இவ்வளவு காலமும் எனக்குச் சந்தேகம்." பெரிய நிம்மதியோடு கதிரையில் சாய்ந்தார். "இனி அழிக்கலாம்."

வேறு சிலருக்கு வரிசைப் பிரச்சினை. எங்கள் அப்பாவை மற்றவர்களுக்கு முன் அழிக்கக்கூடாது, அவர் கோயில் சபையில் தலைவராக இருந்தவர் என்று ஒரு வீட்டார் நின்றார்கள். தலைவரைக் கடைசியில் அழிப்பதாக என் கணவர் வாக்குக் கொடுத்தார். சிரிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு வாக்குக் கொடுத்தார்.

எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக இவரும் சொன்னார். நான் போய்ப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். இடம் போதாது என்று அதே பதில். ஒரு துளி இடம்கூடக் கூடவில்லை. இவ்வளவு தேத்தண்ணீரும் வீண் என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. பிறகுதான் திரையின் மூலையைக் கவனித்தேன். அழித்தவை போய் விழும் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று இருக்குமே, அதன் பெயரை இவர் மாற்றியிருந்தார். அதன் கீழே "உத்தரிக்கிற ஸ்தலம்" என்று எழுதியிருந்தது.

எங்கள் சமயத்தில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். உத்தரிக்கிற ஸ்தலம் என்பது மோட்சத்துக்குப் போவதற்கு முன் ஆத்துமாக்கள் காத்திருந்து சுத்தமாகும் இடம். உயிரோடு இருப்பவர்கள் பூசை வைத்து மன்றாடினால் அவர்கள் சீக்கிரம் விடுதலையாவார்கள். ஒழுங்கையின் ஆத்துமாக்கள் அத்தனையும் அந்தத் தொட்டிக்குள் காத்திருந்தன. அழிந்ததும் இல்லை, இருந்ததும் இல்லை. இடத்தை மட்டும் முழுசாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இஞ்சாருங்கோ, இதை வெறுமையாக்கினால்தான் இடம் வரும்" என்றேன், குரலை அடக்கிக்கொண்டு.

"தெரியும். பூசை வைக்காமல் எப்பிடி வெறுமையாக்கிறது?"

"இது கொம்பியூட்டர்."

"மனுசரைக் குப்பைத்தொட்டிக்குள்ள போடச் சொல்லுறீரோ?"

நெஞ்சில் தையல் காய்ந்தும் காயாமலும் இருக்கும் மனிதரோடு எவ்வளவுதான் சண்டை பிடிப்பது. நல்ல வேளையாக நவம்பர் பிறந்துவிட்டது. சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, அத்தனை பேருடைய பெயரையும் சொல்லிப் பூசை வைத்தோம். இவ்வளவு பேரையும் ஏன் நீங்கள் தனியாக நினைவுகூருகிறீர்கள் என்று பங்குச் சுவாமி ஆச்சரியப்பட்டார். பெரிய மனசு என்று இவரைத் தோளில் தட்டினார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து, சேர்ட்டைக்கூட மாற்றாமல், கணினிக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, உத்தரிக்கிற ஸ்தலத்தை வெறுமையாக்கினார். சபைத் தலைவரைக் கடைசியாக.

ஒருவரை மட்டும் அவர் விட்டுவைத்தார். அவருடைய தகப்பனை.

அது அவர் எடுத்த முதல் செத்தவீடு. வெட்டாமல் ஒட்டாமல் விடிந்ததிலிருந்து அடக்கம் வரை அப்படியே கிடந்தது. மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. அதில் ஊரில் உள்ள எல்லோரும் இருப்பார்கள், மூத்த மகன் மட்டும் இருக்க மாட்டார். கமெராவைப் பிடித்தவர் அவர்தான். பெட்டியை மூடும் இடத்தில் மட்டும் படம் கொஞ்ச நேரம் ஆடும். பிறகு நேராகிவிடும்.

"அண்டைக்கு நான் அப்பாவைப் பாக்கேல்ல" என்று எப்போதோ ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். "கமெராவைத்தான் பாத்தனான். வெளிச்சம் காணுமோ, பற்றரி காணுமோ எண்டு." அதனால்தான் அதை வைத்திருந்தார். ஆறுதலாக ஒருநாள் பார்க்கலாம் என்று. நான் அறிய அவர் அதைப் போட்டுப் பார்த்ததே இல்லை. இதை அழியுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மற்றவர்கள் விட்டுப்போன இடம் போதுமாக இருந்தது. புதுப்பிப்பு ஒரு பகல் முழுக்க ஓடியது. நீல நிறத் திரையில் சதவீதம் ஏறுவதை, ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்ததுபோலவே, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் எல்லாம் புதிதாக, வட்டமான மூலைகளோடு, ஆமை வேகத்தில் திறந்தது. டிஸ்க்கைப் பார்த்தேன். மறுபடியும் நிரம்பியிருந்தது. புதிய பதிப்பு பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்று, பழைய பதிப்பையும் அது ஒரு பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்ததாம். எங்கள் வீட்டில் எதையும் தூக்கி எறியத் தெரியாதவர்கள் இப்போது இரண்டு பேர்.

கல்யாணத்தன்று எங்களுக்குக் காலை, அவளுக்குப் பின்னேரம். நான் மெல்பேர்னுக்கென்று எடுத்த சேலையை உடுத்து, அவர் மெல்பேர்னுக்கென்று தைத்த கோட்டைப் போட்டு, கொட்டாஞ்சேனை வெக்கையில் இரண்டு சாப்பாட்டுக் கதிரைகளில் இருந்தோம். ஓரமாக, எங்கள் படத்துக்குள் வராமல், எதிர் வீட்டு விதவையும், கடையைப் பூட்டிவிட்டு வந்த நானாவும். அழைப்பு வருவதற்குக் கொஞ்சம் முன், இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றார். மகள் வீட்டில் ஸ்டூடியோக்காரர் நிற்கிறார், எல்லாம் எடுப்பார் என்றேன். கேட்கவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

இடம் போதாது என்று வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தகப்பனுடைய கோப்பைத் தேடிப் போனார். அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அழித்தார். உத்தரிக்கிற ஸ்தலத்தைத் திறந்து அதையும் உடனே வெறுமையாக்கினார். பூசை இல்லை, சிலுவை இல்லை. "சரி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கண்மை கரையும் என்று அடக்கினேன்.

திரையில் மகள் வந்தாள். சேலையும் முக்காடுமாக, முழந்தாளில் இருந்து, தலையைக் குனிந்தாள். நான் எழும்பிப் போய், திரையில் அவள் நெற்றி இருந்த இடத்தில் பெருவிரலை வைத்துச் சிலுவை போட்டேன். கண்ணாடி சூடாக இருந்தது.

"அம்மா" என்றாள் கண்ணை மட்டும் உயர்த்தி, "உங்கட சாறி மட்டும்தான் தெரியுது."

கமெரா திரைக்கு மேலே இருந்தது எனக்கு எங்கே ஞாபகம். விலகினேன். இவர் வந்து, தன் முறைக்கு, திரையில் போடாமல் கமெராவுக்கு நேரே பெருவிரலைக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டார். அந்தப் பக்கம் முழுக்க இருட்டாகிப் போனதாம். எப்படிப் படம் பிடிபடும் என்பது அவருக்குத் தெரியும். இருட்டானாலும் அவளை நோக்கியே போட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். மகள் அந்த இருட்டுக்குக் கீழே தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

பிறகு கோயில். இவர் எல்லாப் பாட்டையும் சத்தம்போட்டுப் பாடினார். விதவை, மாப்பிள்ளையின் தாய் உண்மையாக அழுகிறாளா என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். மின்விசிறி கடகடவென்றது. நல்ல காலம், எங்கள் சத்தத்தை அவர்கள் அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் பதிவைப் போட்டுப் பார்த்தோம். அதில் மகள் இல்லை. கோயில் இல்லை, மாப்பிள்ளை இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வரை நாங்கள்தான். ஆருடைய பக்கத்தில் சத்தம் பெரிதோ அவர்களுடைய படத்தைத்தான் அது பதியுமாம், எங்கள் மின்விசிறியே அதற்குப் போதுமாம் என்று வெள்ளவத்தைக்காரர் விளக்கினார். இரண்டு கிழடுகள் நல்ல உடுப்பில் கதிரையில் இருந்துகொண்டு, நேரே பார்த்து அழுகின்றன, பாடுகின்றன, நெற்றி வேர்வையைத் துடைக்கின்றன. நடுவில் ஒருமுறை என் சேலை. ஒருமுறை இவருடைய பெருவிரல். இதற்காகவா என் மாமனாரைக் கொடுத்தோம் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று மகள் கைப்பேசியில் எடுத்தபோது அதே கோபத்தோடு சொன்னேன்:

"உன்ர கலியாணத்தை விட்டுட்டு எங்களையே எடுத்து வச்சிருக்குது சனியன். இண்டைக்கே அழிக்கப்போறன்."

அந்தப் பக்கம் அவள் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அழிச்சிடாதேங்கோ அம்மா" என்றாள். "அது எனக்கு வேணும்."

ஏன் என்று நான் கேட்டேன். அவள் வேறு கதைக்கு மாறிவிட்டாள். பக்கத்தில் இருந்த இவருக்கு விளங்கிவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எது தேவைப்படும் என்பது ஒழுங்கையில் அவரைப்போல் ஒருவருக்கும் தெரியாது. கைப்பேசியை வைத்த பிறகு, பதிவை மறுபடி போட்டு, நாங்கள் இரண்டு பேரும் நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்தினார்.

"கோட் நல்லாத்தான் இருக்குது, என்ன?" என்றார்.

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல.

பின்னால் ஞானப்பாட்டு சேர்க்கத் தேவையில்லை, அவரே பாடியிருக்கிறார். அனுப்பலாம் என்றால் கோப்பு பெரிது, இந்தக் கணினியின் மூச்சுக்கு அது கடல் தாண்டிப் போகாது. தகப்பன் இருந்த இடத்தில் அதை வைத்திருக்கிறார்.

நேற்று மறுபடியும் ஓர் அறிவித்தல் வந்தது. இன்னொரு புதுப்பிப்பு வந்திருக்கிறதாம், முக்கியமானதாம், இடம் போதாதாம், தேவையில்லாத கோப்புகளை அழிக்கட்டாம். உள்ளே போய்ப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருக்கிறோம்.